செயற்கை நரம்பு வலைகள் மனிதரைப் போலச் சிந்திக்கின்றனவா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்ததிலிருந்து, கணினித் துறைக்குள் மட்டும் பேசிக்கொண்டிருந்த ஒரு கேள்வி எல்லார் வீட்டுக்கும் வந்துவிட்டது: இந்த எந்திரம் உண்மையிலேயே யோசிக்கிறதா? மனிதனை மிஞ்சிவிட்டது என்கிறார்கள் சிலர். சொன்னதைத் திருப்பிச் சொல்கிறது, அவ்வளவுதான் என்கிறார்கள் வேறு சிலர். கடந்த சில ஆண்டு ஆராய்ச்சிகளைப் பார்த்தால் இந்த இரண்டு பதிலுமே நிற்பதில்லை. மாணவர்களும் ஆசிரியர்களும் பெற்றோரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

சிந்திக்கின்றனவா, இல்லையா? ஒரே வரியில் சொல்ல முடியுமா?

முடியும். சிந்தனை என்று நாம் சொல்லும் வேலைகளில் சிலவற்றை அவை உண்மையாகவே செய்கின்றன. ஆனால் நாம் செய்கிற வழியில் செய்வதில்லை.

விடை ஒன்றாக இருந்தால் அதற்கு வந்த வழியும் ஒன்றாகத்தான் இருக்கும் என்று மனம் தானாக நினைத்துக்கொள்கிறது. நல்ல தமிழில், தடுமாறாமல், மரியாதையாகப் பதில் சொல்லும் ஒன்றைப் பார்த்தால் உள்ளே நம்மைப் போல ஒருவர் இருப்பதாகவே தோன்றும். 1950-இல் ஆலன் டூரிங் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை இந்த இடத்தில்தான் நின்றது. "எந்திரம் சிந்திக்குமா" என்ற கேள்வியை ஓரமாக வைத்துவிட்டு, எழுத்து வழி உரையாடலில் மனிதரா எந்திரமா என்று கண்டுபிடிக்க முடிகிறதா என்று பார்ப்போம் என்றார் அவர். அன்றைக்கு அதைவிட நல்ல வழி இல்லை. இன்று இருக்கிறது. வலைக்குள் திறந்து பார்க்கலாம், கேள்வியைக் கொஞ்சம் மாற்றிப் போட்டுச் சோதிக்கலாம். பேச்சை மட்டும் வைத்து முடிவுகட்ட வேண்டிய நிலையில் நாம் இல்லை.

செயற்கை நரம்பு வலை என்பது என்ன?

எண்களைப் பெருக்கிக் கூட்டும் ஏராளமான சின்னச் சின்னக் கணக்குப் புள்ளிகளை அடுக்கடுக்காக இணைத்து வைத்திருப்பதுதான். ஒவ்வொரு இணைப்புக்கும் ஓர் எண் உண்டு. அதை எடை என்பார்கள். பழைய ரேடியோவில் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் திருகைப் போல, ஓர் அடுக்கிலிருந்து வரும் எண் அடுத்த அடுக்கை எவ்வளவு பாதிக்க வேண்டும் என்பதை அந்த எடை தீர்மானிக்கிறது. பயிற்சியின்போது வலை ஒரு விடை சொல்லும். சரியான விடையிலிருந்து அது எவ்வளவு விலகியது என்று கணக்கிட்டு, எல்லா எடைகளையும் துளித்துளியாக மாற்றுவார்கள். இதையே கோடிக்கணக்கான முறை செய்ய வேண்டும். 2020-இல் வந்த ஜிபிடி-3 என்ற மொழி மாதிரியில், அதாவது எழுத்தைப் படித்து எழுத்தை உருவாக்கும் வலையில், இப்படி 17,500 கோடி எடைகள் இருந்தன.

வரலாறு நீளமானது. 1943-இல் வாரன் மெக்கல்லக், வால்டர் பிட்ஸ் இருவரும் நரம்பணுவைக் கணித வடிவில் எழுதிக் காட்டினார்கள். 1958-இல் ஃபிராங்க் ரோசன்பிளாட் பெர்செப்ட்ரான் என்ற எந்திரத்தை அறிவித்தபோது, அது ஒருநாள் நடக்கும், பேசும், தன் இருப்பையே உணரும் என்றெல்லாம் அமெரிக்கச் செய்தித்தாள்கள் எழுதின. 1969-இல் மார்வின் மின்ஸ்கியும் சீமோர் பேப்பர்ட்டும் ஒற்றை அடுக்கு வலையால் மிக எளிய தர்க்கக் கணக்குகள் சிலவற்றைக்கூடச் செய்ய முடியாது என்று காட்டியதும் ஆர்வம் வற்றிப்போனது. பிழையைப் பின்னோக்கிப் பரப்பிப் பல அடுக்குகளுக்குக் கற்பிக்கும் முறையை 1986-இல் ரூமெல்ஹார்ட், ஹின்டன், வில்லியம்ஸ் மூவரும் பரவலாக்கினார்கள். 2012-இல் படங்களை அடையாளம் காணும் போட்டியில் ஹின்டனும் அவருடைய மாணவர்களும் உருவாக்கிய வலை மற்றவர்களைப் பெரிய இடைவெளியில் முந்தியது. இன்றைய அலை அங்கிருந்து தொடங்குகிறது. 2024-ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசு ஜான் ஹாப்ஃபீல்டுக்கும் ஜெஃப்ரி ஹின்டனுக்கும் போனது இந்த வேலைகளுக்காகத்தான்.

மூளையைப் பார்த்துச் செய்ததுதானே? அப்படியானால் மூளையைப் போலத்தானே இயங்க வேண்டும்?

யோசனை மூளையிலிருந்து வந்தது. ஆனால் பொருள் வேறு.

மனித மூளையில் ஏறக்குறைய 8,600 கோடி நரம்பணுக்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஆயிரக்கணக்கான மற்ற அணுக்களோடு இணைந்திருக்கிறது. மின் துடிப்பு, வேதிப்பொருள், நேரம் எல்லாம் அங்கே கணக்கில் வரும். இஸ்ரேலில் டேவிட் பெனியாகுவேவ், இடன் செகெவ், மைக்கேல் லண்டன் 2021-இல் வெளியிட்ட ஆய்வில், பெருமூளைப் புறணியின் ஒரே ஒரு நரம்பணு செய்யும் வேலையைச் செயற்கை வலையால் நகலெடுக்கவே 5 முதல் 8 அடுக்குகள் தேவைப்பட்டன. செயற்கை வலையின் ஒரு புள்ளியை ஒரு நரம்பணுவோடு சமமாக வைத்துப் பேசுவது எவ்வளவு தவறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

கற்கும் முறையும் வேறு. பிழையைப் பின்னோக்கிப் பரப்பும் உத்தி மூளைக்குள் அப்படியே நடக்க வழியில்லை என்று டி.என்.ஏ. அமைப்பைக் கண்டறிந்தவர்களில் ஒருவரான ஃபிரான்சிஸ் கிரிக் 1989-லேயே எழுதினார். அந்த விவாதம் இன்னும் ஓயவில்லை. அப்புறம் மின்சாரம்: நம் மூளை சுமார் 20 வாட்டில் ஓடுகிறது, சாதாரண எல்.இ.டி. விளக்குகள் இரண்டு எரியும் அளவு.

சரி, ஒற்றுமையே இல்லையா என்றால், இருக்கிறது. அதுவும் யாரும் திட்டமிட்டு வைக்காத இடத்தில். டேவிட் ஹியூபெல், டோர்ஸ்டன் வீசல் இருவரும் பூனையின் பார்வைப் புறணியில் குறிப்பிட்ட சாய்வுள்ள கோடுகளுக்கு மட்டும் துடிக்கும் அணுக்களை 1959-இல் கண்டார்கள். அந்த ஆய்வுகளுக்காக 1981-இல் நோபல் பரிசு பெற்றார்கள். படங்களைப் பிரித்தறியப் பழக்கிய செயற்கை வலைகளின் முதல் அடுக்கைத் திறந்து பார்த்தால் அங்கேயும் சாய்கோடுகளைத் தேடும் புள்ளிகளே இருக்கின்றன. அதைத் தேடு என்று யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. பார்க்கும் வேலையைச் செய்யப் புகுந்த இரண்டு வெவ்வேறு அமைப்புகள் ஒரே முதல்படிக்கு வந்து சேர்ந்திருக்கின்றன.

அடுத்த சொல்லை ஊகிக்கிற எந்திரம்தானே? அதில் என்ன சிந்தனை?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது, ஏனென்றால் இதற்கு ஆய்வகத்தில் கிடைத்த விடை உண்டு.

மொழி மாதிரிகளைப் பழக்குவது அடுத்து வரும் சொல்லை, சரியாகச் சொன்னால் சொல்துண்டை, ஊகிக்கச் சொல்லித்தான். ஆனால் நன்றாக ஊகிக்க வேண்டுமானால் உள்ளே எதையாவது புரிந்துகொண்டாக வேண்டியிருக்குமா? இதைச் சோதிக்க கென்னத் லீயும் அவருடைய கூட்டாளிகளும் ஒத்தெல்லோ என்ற பலகை விளையாட்டை எடுத்துக்கொண்டார்கள். எட்டுக்கு எட்டுக் கட்டங்கள், கறுப்பு வெள்ளைக் காய்கள். ஒரு சிறிய மொழி மாதிரிக்கு நகர்த்தல்களின் பட்டியலை மட்டும் கொடுத்தார்கள். பலகை என்று ஒன்று இருப்பதையோ விதிகளையோ சொல்லவில்லை. அது முறையான அடுத்த நகர்த்தலை ஊகிக்கக் கற்றுக்கொண்டது. பிறகு உள்ளே ஓடும் எண்களை ஆராய்ந்தபோது, எந்தக் கட்டத்தில் எந்தக் காய் இருக்கிறது என்ற முழுப் பலகை நிலையும் அங்கே பதிந்திருந்தது. அந்த எண்களில் கைவைத்து ஒரு காயின் நிறத்தை மாற்றினால், மாதிரியின் ஊகமும் மாறிய பலகைக்கு ஏற்ப மாறியது. வெறும் பட்டியலிலிருந்து, தான் ஒருநாளும் காணாத பலகையை அது தனக்குள் கட்டி எழுப்பியிருக்கிறது. இதை வெறும் ஒப்பித்தல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இன்னொன்று. நீல் நந்தாவும் சக ஆய்வாளர்களும் 2023-இல் வெளியிட்டது. இரண்டு எண்களைக் கூட்டி 113-ஆல் வகுத்தால் மீதி என்ன என்ற கணக்கை ஒரு சிறு வலைக்குக் கற்பித்தார்கள். முதலில் அது கொடுத்த எடுத்துக்காட்டுகளை மனப்பாடம் செய்தது. புதிய கணக்கு கொடுத்தால் தப்பு. பயிற்சியை விடாமல் தொடர்ந்தபோது, நெடுநேரம் கழித்து, புதிய கணக்குகளையும் சரியாகப் போடத் தொடங்கியது. உள்ளே பார்த்தால் எண்களை வட்டத்தின் மேல் கோணங்களாக வைத்து, சைன், கொசைன் சூத்திரங்களால் சுழற்றிக் கூட்டிக்கொண்டிருந்தது. மனப்பாடத்திலிருந்து முறைக்கு ஒரு வலை நகர்வதைப் படிப்படியாகக் காண முடிந்தது. கூடவே, அந்த முறை எந்த மாணவரும் கூட்டலுக்குப் பயன்படுத்தாத முறை என்பதையும் கவனியுங்கள்.

முன்யோசனையும் உண்டு. ஆந்த்ரோபிக் நிறுவனத்தினர் 2025-இல் தங்கள் கிளாட் என்ற மொழி மாதிரி ஒன்றுக்குள் நடப்பதைத் தடம்பிடித்துப் பார்த்தார்கள். ஆங்கிலத்தில் இயைபுள்ள ஈரடிப் பாட்டு எழுதச் சொன்னால், இரண்டாம் அடியைத் தொடங்கும் முன்பே அடியின் கடைசியில் வரவேண்டிய இயைபுச் சொல் உள்ளே தயாராக இருந்தது. அந்தச் சொல்லை அடக்கிவிட்டால் வேறு இயைபைத் தேர்ந்தெடுத்து அடியை வேறு மாதிரி எழுதியது. ஒவ்வொரு சொல்லாகத்தான் வெளியே வருகிறது என்பது உண்மை. ஒவ்வொரு சொல்லாகத்தான் யோசிக்கிறது என்பது அதிலிருந்து வராது.

எப்படி யோசித்தாய் என்று அதனிடமே கேட்டுவிடலாமே?

கேட்கலாம், பதிலும் வரும். அந்தப் பதிலை நம்ப முடியாது.

மேலே சொன்ன அதே ஆய்வில் 36-உம் 59-உம் எவ்வளவு என்று கேட்டார்கள். 95 என்று சரியாகச் சொன்னது. உள்ளே இரண்டு வழிகள் ஒரே நேரத்தில் ஓடின. ஒன்று தோராயமாக விடை எந்த அளவில் இருக்கும் என்று பார்த்தது. மற்றது 6-இல் முடிவதும் 9-இல் முடிவதும் கூடினால் 5-இல் முடியும் என்று கடைசி இலக்கத்தை மட்டும் பார்த்தது. இரண்டும் சேர்ந்து 95. ஆனால் எப்படிக் கூட்டினாய் என்று கேட்டதும், ஆறும் ஒன்பதும் பதினைந்து, ஐந்தை வைத்து ஒன்றை எடுத்துச் சென்றேன் என்று பள்ளிக்கூட விளக்கம் தந்தது. மனிதர்கள் எழுதிய விளக்கங்களைப் படித்து விளக்கக் கற்றது. கூட்டலை வேறு வழியில் கற்றது. தன் உள்ளே என்ன நடக்கிறது என்பது அதற்கே எட்டவில்லை.

மனிதரிடமிருந்து எந்திரம் விலகும் இடம் இதுதான் என்று உடனே முடிவுகட்டிவிட வேண்டாம். மூளையின் இரு பாதிகளையும் இணைக்கும் நரம்புக் கற்றையை வலிப்பு நோய்க்காக வெட்டிய நோயாளிகளை மைக்கேல் கசானிகா ஆராய்ந்தார். ஒருவருக்கு இடப்பாதி மூளை மட்டும் காணும்படி கோழிக்காலையும், வலப்பாதி மட்டும் காணும்படி பனிக்காட்சியையும் காட்டினார்கள். பொருத்தமான படத்தைத் தொடச் சொன்னபோது ஒரு கை கோழியைத் தொட்டது, மற்றக் கை மண்வாரியைத் தொட்டது; பனியை அள்ள மண்வாரி. ஏன் என்று கேட்டார்கள். பேசுவது இடப்பாதி, அதற்குப் பனி தெரியாது. அவர் தயங்கவே இல்லை: கோழிக்காலுக்குக் கோழி, கோழிக்கூண்டைச் சுத்தம் செய்ய மண்வாரி என்றார். நாமும் நம் செயலுக்குக் காரணத்தைப் பிற்பாடு கட்டிச் சொல்லி, அதையே உண்மை என்று நம்புகிறோம்.

ஆகவே "தன்னை விளக்கத் தெரியவில்லை, அதனால் சிந்தனை இல்லை" என்ற வாதம் நம்மையும் சேர்த்துக் கவிழ்க்கும். "அழகாக விளக்குகிறது, அதனால் அப்படித்தான் யோசித்தது" என்ற வாதமும் அதே அளவு பிழை. பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்க இவற்றைப் பயன்படுத்தும் ஆசிரியர்கள் இந்த இரண்டாவதை அவசியம் நினைவில் வைக்க வேண்டும்.

உலகச் சாம்பியனையே தோற்கடித்திருக்கிறதே, இன்னும் என்ன சந்தேகம்?

2016 மார்ச்சில் சியோலில் கூகுள் டீப்மைண்டின் ஆல்ஃபாகோ நிரல், கோ என்ற பலகை விளையாட்டின் மாபெரும் வீரர் லீ செடோலை 4-1 என்று வென்றது. இரண்டாம் ஆட்டத்தின் 37-ஆவது நகர்த்தலை முதலில் பார்த்த நிபுணர்கள் தவறு என்றே நினைத்தார்கள். பிறகு அதன் அழகைப் புகழ்ந்தார்கள். அதைப் படைப்பாற்றல் என்று சொல்வதில் எனக்குத் தயக்கமில்லை.

ஆனால் கதையின் அடுத்த பாகத்தைப் பலர் சொல்வதில்லை. 2023-இல் கெலின் பெல்ரின் என்ற அமெரிக்க அமெச்சூர் வீரர், வல்லமை மிக்க காடகோ என்ற இன்னொரு கோ நிரலுடன் 15 ஆட்டங்கள் ஆடி 14-இல் வென்றார். எதிரியின் காய்க்கூட்டத்தைச் சுற்றி மெதுவாக ஒரு பெரிய வளையம் போடுவது, இடையில் வேறு மூலைகளில் ஆடிக் கவனத்தைத் திருப்புவது. அவ்வளவுதான் உத்தி. இந்த ஓட்டையைத் தேடிக் கண்டுபிடித்ததும் ஒரு கணினி நிரலே. வளையம் முடியும் தறுவாயிலும் காடகோவுக்கு ஆபத்து தெரியவில்லை. ஓரளவு ஆடத் தெரிந்த மனிதர் எவரும் கவனித்திருப்பார். சூழப்படுதல் என்பதே அந்த விளையாட்டின் அடிப்படை. உலகத்தில் யாரும் வெல்ல முடியாத ஆட்டக்காரருக்கு அது முழுமையாகப் புரிந்திருக்கவில்லை. மனிதத் திறமையில் இப்படி ஒரு கலவை வராது.

வேறு எங்கெல்லாம் சறுக்குகின்றன?

பாண்டாப் படத்தில் படப்புள்ளிகளின் எண்களைக் கண்ணுக்கே தெரியாத அளவு மாற்றினால், அது கிப்பன் குரங்கு என்று 99 விழுக்காட்டுக்கு மேல் உறுதியோடு சொன்ன வலையை இயன் குட்ஃபெல்லோ குழு 2014-இல் காட்டியது. பூனையின் வடிவத்தில் யானைத்தோலை ஒட்டிய படத்தை மனிதர்கள் பூனை என்கிறார்கள். வலைகள் யானை என்றன. நாம் வடிவத்தைப் பார்க்கிறோம், அவை பரப்பைப் பார்த்திருக்கின்றன.

மொழியிலும் உண்டு. நடிகர் டாம் குரூஸின் தாய் யார் என்று கேட்டால் சரியாகச் சொன்ன மாதிரி, அந்தத் தாயின் பெயரைச் சொல்லி மகன் யார் என்று கேட்டபோது பல முறை தடுமாறியது. இது 2023-இல் வெளியான ஆய்வு. 2024-இல் ஆப்பிள் நிறுவன ஆய்வாளர்கள் கொடுத்த கணக்கு இன்னும் எளிது. ஒருவர் வெள்ளிக்கிழமை 44 கிவிப் பழங்கள் பறிக்கிறார், சனிக்கிழமை 58, ஞாயிறன்று வெள்ளிக்கிழமையைப் போல் இரண்டு மடங்கு. ஆனால் அவற்றில் ஐந்து கொஞ்சம் சின்னவை. மொத்தம் எத்தனை? 190. சின்னதாக இருந்தாலும் பழம் பழம்தான். அன்றைய பெயர்பெற்ற மாதிரிகள் சில அந்த ஐந்தைக் கழித்து 185 என்றன. கணக்கில் ஓர் எண் வந்தால் அதை எதற்காவது பயன்படுத்தியாக வேண்டும் என்ற பழக்கம். இதைச் சில பள்ளி மாணவர்களிடமும் காணலாம், காரணமும் கிட்டத்தட்ட அதுவேதான்: மாதிரிக் கணக்குகளைப் பார்த்துப் பழகியது.

ஆனால் கணித ஒலிம்பியாடில் தங்கம் வாங்கியதாகச் செய்தி வந்ததே?

வந்தது, உண்மைதான். 2024-இல் கூகுள் டீப்மைண்டின் அமைப்பு 42-க்கு 28 எடுத்து வெள்ளித் தரத்தை எட்டியது. அப்போது வினாக்களைத் தனிக் கணித மொழியில் ஆட்கள் எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது, சில வினாக்களுக்கு மூன்று நாள் வரை ஆனது. 2025-இல் டீப்மைண்டும் ஓப்பன்ஏஐயும் வெவ்வேறு மாதிரிகளால் 35 மதிப்பெண்ணை, அதாவது தங்கத் தரத்தை, தொட்டன. இம்முறை வினாக்கள் சாதாரண மொழியில், மாணவர்களுக்கு உள்ள நான்கரை மணி நேரத்துக்குள்.

உடனே பதில் சொல்லாமல், நீளமாக எழுதி எழுதிப் பார்த்து, பல வழிகளை முயன்று, பிழையைத் திருத்திக்கொண்டு முடிவுக்கு வரும்படி இப்போதைய மாதிரிகளைப் பழக்குகிறார்கள். கிவிக் கணக்கு போன்ற சறுக்கல்களில் பல இதனால் குறைந்துவிட்டன. இதை நான் பெரிய மாற்றமாகவே பார்க்கிறேன். தாளில் எழுதிப் பார்த்துக் கணக்குப் போடுவது மனிதச் சிந்தனையின் நடுவில் இருக்கும் பழக்கம். எந்திரத்துக்கும் அது கைகொடுத்திருக்கிறது.

குழந்தை கற்பதும் இதுவும் ஒன்றா?

இல்லை. வேறுபாடு மிகப் பெரிதாகத் தெரியும் இடம் இதுதான்.

முதலில் அளவு. பதின்மூன்று வயதுக்குள் ஒரு பிள்ளை காதில் விழும் சொற்கள் தோராயமாகப் பத்துக் கோடி என்று ஆய்வாளர்கள் கணக்கிடுகிறார்கள். ஜிபிடி-3 பயின்றது 30,000 கோடி சொல்துண்டுகள். அந்தப் பிள்ளையோ அதற்கு வெகுமுன்பே, நான்கைந்து வயதில், அழகாகப் பேசிச் சண்டையும் போடுகிறது. அடாரி வீடியோ விளையாட்டுகளைக் கற்ற டீப்மைண்ட் வலைக்கு ஒவ்வொரு விளையாட்டுக்கும் சுமார் 38 நாள் ஆட்டநேரம் தேவைப்பட்டது. மனிதர்கள் சில நிமிடங்களில் போக்கைப் பிடித்து, இரண்டு மணி நேரத்தில் நன்றாகவே ஆடிவிடுகிறார்கள்.

அடுத்து உடம்பு. ரிச்சர்ட் ஹெல்ட், ஆலன் ஹைன் 1963-இல் பூனைக்குட்டிகளை வைத்துச் செய்த ஆய்வு இதற்கு அடிப்படை. இரண்டு குட்டிகளைச் சுழலும் ஒரே கம்பத்தின் இரு முனைகளில் பூட்டினார்கள். ஒன்று தன் காலால் நடந்தது. மற்றது சிறு தொட்டிலில் உட்கார்ந்து, முதலாவது நடக்க நடக்கத் தானும் சுற்றியது. இரண்டின் கண்ணிலும் பட்டது ஒரே காட்சி. நடந்த குட்டிக்கு ஆழம், தூரம் எல்லாம் சரியாகப் புரிந்தது. சுமக்கப்பட்ட குட்டி பள்ளத்தின் விளிம்பையும் அறியவில்லை, முகத்தை நோக்கி வரும் பொருளுக்கு இமைக்கவும் இல்லை. தானே செய்து, அதன் விளைவைத் தானே காணும்போதுதான் பார்வை முழுமையடைகிறது. இன்றைய மொழி மாதிரிகள் பெரும்பாலும் பிறர் எழுதி வைத்ததிலிருந்து கற்றவை. கொதிக்கும் பாத்திரம் சுடும் என்று அவற்றுக்குத் தெரியும், தொட்டதில்லை. உடம்பில்லாமல் இந்த இடைவெளி எவ்வளவு நிரம்பும் என்பதில் ஆய்வாளர்களிடையே ஒற்றுமை இல்லை. பெரிய அளவு நிரம்பாது என்பது என் கருத்து.

மூன்றாவது மறதி. 1989-இல் மைக்கேல் மெக்லாஸ்கி, நீல் கோஹன் ஒரு வலைக்கு ஒன்றாம் கூட்டல் வாய்பாட்டைக் கற்பித்தார்கள். பிறகு இரண்டாம் வாய்பாட்டைக் கற்பித்ததும் முதலாவது அழிந்துபோனது. அதே எடைகள்தானே இரண்டையும் சுமக்க வேண்டும். மனித மூளை இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது. வலிப்பு நோய்க்காக 1953-இல் அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட ஹென்றி மொலைசன், ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியின் பெரும்பங்கை இழந்தார். அதன்பின் நடந்த எதையும் அவரால் நினைவில் நிறுத்த முடியவில்லை. ஆனால் கண்ணாடியில் பார்த்து வரையும் கைப்பழக்கத்தை நாளுக்கு நாள் முன்னேற்றிக்கொண்டார். இப்படிப்பட்ட சான்றுகளிலிருந்து, மூளையில் வேகமாகப் பதிக்கும் பகுதி ஒன்றும் மெதுவாகத் திரட்டும் பகுதி ஒன்றும் சேர்ந்து உழைக்கின்றன என்ற கோட்பாட்டை 1995-இல் மெக்கிளெலண்ட், மெக்நாட்டன், ஓ'ரைலி முன்வைத்தார்கள். நீங்கள் நேற்று சொன்ன ஒன்றைச் சாட்பாட் இன்று நினைவில் வைத்திருந்தால், அதன் எடைகள் மாறியிருக்கின்றன என்று பொருளல்ல; பெரும்பாலும் அந்தக் குறிப்பை எங்கோ சேமித்து, உங்கள் கேள்வியோடு சேர்த்து மறுபடி ஊட்டுகிறார்கள்.

தமிழில் கேட்டால் தமிழில் யோசிக்குமா?

ஆந்த்ரோபிக்கின் அதே 2025 ஆய்வில், சிறியது என்பதன் எதிர்ச்சொல் என்ன என்று ஆங்கிலம், பிரெஞ்சு, சீனம் மூன்றிலும் கேட்டு உள்ளே பார்த்திருக்கிறார்கள். நடுவில் ஓடிய பகுதிகள் பெரும்பாலும் மூன்றுக்கும் பொதுவாக இருந்தன. உள்ளே நுழையும் இடத்திலும் வெளியே வரும் இடத்திலும்தான் அந்தந்த மொழி. எனவே குறைந்தது பெரிய மாதிரிகளில் மொழிக்கு அப்பாற்பட்ட ஓர் அடுக்கு இருக்கிறது.

தமிழுக்குத் தனிச் சிக்கல் ஒன்று உண்டு. மாதிரிகள் எழுத்தைப் பார்ப்பதில்லை, சொல்துண்டுகளைப் பார்க்கின்றன. அந்தத் துண்டுகளை ஆங்கிலம் மிகுந்த தரவை வைத்து வெட்டியிருக்கிறார்கள். கணினியில் எழுத்துகளைச் சேமிக்கப் பரவலாகப் பயன்படும் யுடிஎஃப்-8 குறியாக்கத்தில் தமிழின் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட்டுகள் தேவை, உயிர்மெய் எழுத்து பெரும்பாலும் இரண்டு குறிகள். அதனால் ஒரே பொருளைச் சொல்ல ஆங்கிலத்தைவிடத் தமிழுக்குப் பல மாதிரிகளில் அதிகத் துண்டுகள் ஆகின்றன. ஒரு சொல்லில் எத்தனை எழுத்து, எதுகை பொருந்துகிறதா, வெண்பாவில் தளை தட்டுகிறதா என்று கேட்டால் மாதிரிகள் தடுமாறுவதற்கு இது ஒரு காரணம். சிந்தனைக் குறை என்பதைவிட, எழுத்தே கண்ணில் படாத குறை.

அதற்கு உணர்வு உண்டா?

இது வேறு கேள்வி. சிந்திப்பது ஒன்று, வலிப்பதும் இனிப்பதும் இன்னொன்று.

மனிதரில் உணர்வு எப்படி எழுகிறது என்பதற்கே விடை இல்லை. மூளையில் அதன் தடயத்தை 25 ஆண்டுகளில் கண்டுபிடித்துவிடுவோம் என்று நரம்பியலாளர் கிறிஸ்டாஃப் கோக் 1998-இல் மெய்யியலாளர் டேவிட் சால்மர்ஸிடம் பந்தயம் கட்டினார். 2023-இல் தோல்வியை ஒப்புக்கொண்டு ஒயின் பாட்டில்களைக் கொடுத்தார். அதே ஆண்டு, யோஷுவா பெஞ்சியோ உள்ளிட்ட ஆய்வாளர் குழு ஒன்று இன்றைய உணர்வுக் கோட்பாடுகள் சொல்லும் அடையாளங்களை ஏஐ அமைப்புகளில் தேடிப் பார்த்தது. அப்போதிருந்த எதையும் உணர்வுள்ளது என்று கருத வலுவான காரணம் இல்லை, ஆனால் அத்தகைய அமைப்பைக் கட்டுவதற்குத் தொழில்நுட்பத் தடை எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை என்றது.

அதன் பேச்சு இதற்குச் சான்றாகாது. 1966-இல் ஜோசப் வைசன்பாம் எழுதிய எலைசா, நீங்கள் சொன்னதையே கேள்வியாகத் திருப்பிப் போடும் சின்ன நிரல். நரம்பு வலை அதில் கிடையாது. அப்படியும் அவருடைய செயலரே அதனோடு தனியாகப் பேச வேண்டும், வெளியே போங்கள் என்று அவரிடம் சொன்னாராம். எதிரே பேசுவதற்குள் ஓர் உள்ளம் இருப்பதாக எண்ணுவது நம் இயல்பு. தனிமையில் இருக்கும் முதியவர்களும் பதின்பருவத்தினரும் இன்று சாட்பாட்டோடு மணிக்கணக்கில் பேசுகிறார்கள் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். வேறு எதைச் சொன்னாலும், "நான் உன்னைப் புரிந்துகொள்கிறேன்" என்று அது சொல்வதை மட்டும் அதன் உணர்வுக்குச் சான்றாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

எந்திரத்துக்குப் பொருளே புரியாது என்ற "சீன அறை" வாதம்?

சீனம் தெரியாத ஒருவர் அறைக்குள் இருந்து, விதிப்புத்தகத்தைப் பார்த்துச் சீனக் கேள்விகளுக்குச் சீனத்திலேயே பதில் எழுதித் தருகிறார். வெளியே இருப்பவருக்கு அவர் சீனம் அறிந்தவராகத் தெரியும். ஜான் சேர்ல் 1980-இல் சொன்னது. பேச்சை வைத்து முடிவுகட்டாதே என்ற அளவில் அது இன்றும் சரி. ஆனால் உள்ளே இருப்பது விதிப்புத்தகம் மட்டுமே என்று அது முன்கூட்டியே எடுத்துக்கொள்கிறது. ஒத்தெல்லோ வலைக்குள் யாரும் விதி எழுதி வைக்கவில்லை. அங்கே ஒரு பலகை உருவாகியிருந்தது. உள்ளே என்ன இருக்கிறது என்பது பார்த்து அறிய வேண்டிய செய்தி.

நானே சோதித்துப் பார்க்கலாமா?

தாராளமாக. கணினி அறிவு தேவையில்லை. எல்லாருக்கும் தெரிந்த புதிரைக் கேட்காதீர்கள், அதன் விடை பயிற்சித் தரவிலேயே இருக்கும். தெரிந்த புதிரை எடுத்து அதன் உயிர்நாடியான ஒரு நிபந்தனையை மாற்றிவிடுங்கள். ஆடு, புலி, புல்லுக்கட்டு மூன்றையும் ஆற்றைக் கடத்தும் பழைய புதிரில், படகில் மூன்றையும் ஒரே நடையில் ஏற்றலாம் என்று சொல்லிவிட்டுக் கேளுங்கள். ஒரே நடை போதும் என்றால் நீங்கள் எழுதியதைப் படித்திருக்கிறது. ஆட்டை முதலில் கொண்டுபோ என்று தொடங்கினால் பழைய விடையை எடுத்து நீட்டுகிறது. கணக்கில் தேவையற்ற ஓர் எண்ணைச் செருகுங்கள். உங்கள் ஊர் பற்றி, உங்களுக்கு நன்றாகத் தெரிந்து இணையத்தில் அதிகம் இல்லாத ஒன்றைக் கேளுங்கள். சரியாகச் சொன்ன விடைக்கு "இல்லை, தப்பு" என்று சொல்லிப் பாருங்கள், நிலைத்து நிற்கிறதா என்று. ஒரே கேள்வியைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் தனித்தனி உரையாடலில் போட்டு ஒப்பிடுங்கள். ஒரு முறை கேட்டு நிறுத்திவிட வேண்டாம், ஒரே கேள்விக்குப் பதில் மாறி மாறி வரும். மாதிரியின் பெயரையும் தேதியையும் குறித்து வையுங்கள். சில மாதம் கழித்து அதே கேள்விகளைப் புதிய மாதிரியிடம் போட்டால் எது திருந்தியது, எது அப்படியே இருக்கிறது என்று உங்கள் குறிப்பிலேயே தெரியும்.